முரசுக்குள் உட்கார்ந்திருந்தது எப்படி?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நமது சங்கக் கூடத்தில் ஒரு சிறு சச்சரவு நிகழ்ந்தது. சச்சரவு என்றவுடன் அன்பர்கள் நிர்வாகக் குழுத் தேர்தலை நினைத்துக்கொள்ள வேண்டா. சந்தா பாக்கியைப் பற்றியதும் அன்று. 1948-ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு திரைப்படத்தைப் பற்றியது அது. தொடங்கி வைத்தவன் ஏழாம் வகுப்பில் படிக்கும் ஒரு சிறுவன்.

மாதம் ஒரு பழைய தமிழ்ப் படத்தைக் குடும்பத்தோடு கூடிப் பார்ப்பது என்று சங்கம் முடிவு செய்திருப்பது அன்பர்களுக்குத் தெரியும். சென்ற மாதம் ஜெமினியாரின் ‘சந்திரலேகா’வின் முறை. மூன்று மணி நேரத்துக்கும் மேலாக ஓடும் கறுப்பு வெள்ளைப் படம். பிள்ளைகள் பத்து நிமிஷத்தில் எழுந்து வெளியே ஓடிவிடுவார்கள் என்றே நாம் எண்ணியிருந்தோம். ஆனால் ஜமக்காளத்தில் முன்வரிசை பிடித்து அமர்ந்த அந்தக் கூட்டம் அசையவே இல்லை. குகை வாயிலில் கிடந்த பாறையை யானைகள் தள்ளியபோது கைதட்டினார்கள். முரசு நடனம் வந்தபோது திறந்த வாய் மூடாமல் பார்த்தார்கள். முரசுகளுக்குள்ளிருந்து போர்வீரர்கள் வெளிப்பட்டு அரண்மனையை நோக்கிப் பாய்ந்த அந்தக் கட்டத்தில்தான் நமது சிறுவன் எழுந்து நின்றான்.

“இவ்வளவு நேரம் மேலே குதித்துக் குதித்து ஆடினார்களே, உள்ளே இருந்தவர்கள் எப்படி உட்கார்ந்திருந்தார்கள்? அவர்கள் காது என்ன ஆயிற்று? ஒருவர்கூடத் தும்மவில்லையா?” என்று கேட்டான்.

பிள்ளைகள் எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். பெரியவர்கள் சிரிக்கவில்லை. “படம் பார்க்கும்போது தொணதொணக்காதே, உட்கார்” என்று அதட்டினார் சிறுவனின் தந்தை. “இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நம்முடையது என்றால் எல்லாம் குறைதான்” என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் பெருமூச்சு விட்டார். மற்றொருவர், இங்கிலீஷ் படத்தில் மனிதன் ஆகாயத்தில் பறந்தால் மட்டும் வாயை மூடிக்கொண்டு பார்ப்பீர்கள் அல்லவா என்று பொதுவாக ஒரு கேள்வியை வீசினார். சிறுவன் உட்கார்ந்துவிட்டான். அதன்பின் வந்த நீண்ட கத்திச் சண்டையை அவன் பார்த்தானோ இல்லையோ, நமக்குத் தெரியாது. படம் முடிந்து வாயிலில் செருப்பை மாட்டிக்கொள்ளும்போது, “அடுத்த மாதம் நான் வரமாட்டேன், அம்மா” என்று அவன் மெல்லச் சொன்னது மட்டும் நம் காதில் விழுந்தது.

அந்தச் சொல்லுக்காகத்தான் இந்த மாதப் பகுதியை இந்தப் படத்துக்கு ஒதுக்கியிருக்கிறோம்.

அன்று வர இயலாத அன்பர்களுக்காகக் கதையைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறோம். ஓர் அரசனுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் வீரசிம்மன் நல்லவன். இளையவன் சசாங்கன் பொல்லாதவன். அரியணை மூத்தவனுக்கு என்றதும் இளையவன் கொள்ளைக் கூட்டம் ஒன்றைச் சேர்த்துக்கொண்டு நாட்டைச் சூறையாடுகிறான். வீரசிம்மன் மனத்தைப் பறிகொடுத்த சந்திரலேகா என்னும் பெண்மீது சசாங்கனும் கண் வைக்கிறான். அண்ணனைக் குகையில் அடைத்துப் பாறையால் மூடுகிறான். அவ்வழியே வந்த சர்க்கஸ் கூட்டத்தின் யானைகள் பாறையைப் புரட்டி அவனை மீட்கின்றன. பெற்றோரையே சிறையில் தள்ளி அரியணை ஏறிய சசாங்கன், இறுதியில் சந்திரலேகாவைப் பிடித்து வந்து மணம் புரிய முற்படுகிறான். அவளும் இசைவதுபோல் நடித்து, திருமணத்துக்கு முன் மாபெரும் முரசு நடனம் ஒன்று வேண்டும் என்று கேட்கிறாள். பிறகு நடந்ததைத்தான் நமது சிறுவன் வினவினான்.

இப்பொழுது உண்மையை ஒப்புக்கொள்வோம். சிறுவன் கேட்டது ஒரு கேள்வி. கேட்காமல் விட்டவை இன்னும் பல.

கொள்ளைக்காரனாகிய சசாங்கன் அண்ணனைக் கையில் பிடித்த பிறகும் கொல்லாமல் குகையில் அடைப்பானேன்? அடைத்ததுதான் அடைத்தான், யானை கட்டிய சர்க்கஸ் கூட்டம் அதே வழியாக அதே சமயத்தில் வருவானேன்? சந்திரலேகா சசாங்கன் அருகில் வரும்போதெல்லாம் மயங்கி விழுவதாக நடிக்கிறாள். நாடித் துடிப்பைப் பார்த்து உண்மை கண்டுபிடிக்க ஓர் அரண்மனை வைத்தியருக்குக்கூட இயலவில்லையா? அத்தனை பெரிய முரசுகள் அரண்மனை முற்றத்துக்கு வந்து சேரும்வரை, வஞ்சகத்திலேயே வளர்ந்த சசாங்கனுக்கு ஒன்றைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லையா?

சர்க்கஸே ஒரு பெரிய புதிர். வட்ட அரங்கில் குதிரை வித்தை காட்டும் சர்க்கஸ் முறையை லண்டனில் பிலிப் ஆஸ்ட்லி என்பவர் தொடங்கியது 1768-இல். பாரிஸில் ஜூல் லெயோத்தார் என்னும் இளைஞர் அந்தரத்தில் ஊஞ்சல் விட்டு ஊஞ்சல் தாவிக் காட்டியது 1859-இல். நம் நாட்டவர் ஒருவரே சர்க்கஸ் கம்பெனி ஒன்றை நிறுவியது 1880-இல்; அவர் விஷ்ணுபந்த் சத்ரே என்னும் மராட்டியர். வாளும் கேடயமும் ஏந்திய மன்னர் காலத்தில் சர்க்கஸ் கூடாரம் எங்கிருந்து முளைத்தது? வரலாற்று ஆசிரியர் ஒருவரிடம் இந்தப் படத்தைக் காட்டி, இது எந்த நூற்றாண்டு என்று கேட்டால் அவர் மயங்கி விழுவார். அந்த மயக்கம் நடிப்பாக இராது.

இவ்வளவு ஓட்டைகளுக்கும் ஒரு காரணம் உண்டு. படம் பிறந்த கதை அதைச் சொல்கிறது. ‘மங்கம்மா சபதம்’ 1943-இல் வெற்றி பெற்றபின், மற்றொரு வீரப் பெண்ணின் கதையை எடுக்க எஸ். எஸ். வாசன் விரும்பினார். சந்திரலேகா என்ற பெண்ணை நாயகியாகக் கொண்ட ஒரு கதை அவரிடம் வந்தது. கதை பிடிக்கவில்லை, பெயர் பிடித்தது. அந்தப் பெயரையே வைத்துப் படத்தை அறிவித்துவிட்டார். பிறகுதான் கதை இலாகாவினர் அந்தப் பெயருக்கு ஒரு கதை தேடி அலைந்தார்கள். ஜி. டபிள்யூ. எம். ரெனால்ட்ஸ் என்ற ஆங்கில நாவலாசிரியரின் நூல் ஒன்றில் வந்த துணிச்சல்காரப் பெண் ஒருத்தியிடமிருந்து ஒரு பொறி கிடைத்தது. அதன்மேல் ஒவ்வொன்றாகக் கட்டினார்கள். இடையில் இயக்குநரும் மாறினார், டி. ஜி. ராகவாச்சாரி தொடங்கியதை வாசனே முடித்தார். 5 ஆண்டுகளும், சுமார் 30 லட்சம் ரூபாயும் செலவாயின என்று சொல்வார்கள். இன்றைய 30 லட்சம் அன்று. அன்றைய 30 லட்சம்!

பெயர் முன்னால் வந்து, கதை பின்னால் வந்தால், தையல் ஆங்காங்கே தெரியாமல் எப்படி இருக்கும்? சர்க்கஸ் நன்றாக இருக்கும் என்று தோன்றியது, சர்க்கஸ் வந்தது. குறவர் நடனம் நன்றாக இருக்கும் என்று தோன்றியது, அதுவும் வந்தது. கதை என்பது இங்கே ஒரு கயிறு. அதில் எத்தனை மணிகளைக் கோக்கலாம் என்பதே அவர்கள் கவலை. மணிகள் மின்னினால் கயிற்றின் முடிச்சை யார் எண்ணப்போகிறார்கள் என்று அவர்கள் நினைத்திருக்கக்கூடும்.

அப்படியானால் இந்தப் படம் இன்றும் ஏன் நம்மைக் கட்டிப்போடுகிறது? ஏழாம் வகுப்புச் சிறுவனை அந்தக் கட்டம் வரையில் வாய் மூடாமல் பார்க்க வைத்தது எது?

முதலாவது, கண்ணுக்குக் கிடைக்கும் மெய். முரசின்மேல் ஆடும் நூற்றுக்கணக்கானவர்களில் ஒருவர்கூடக் கணினியில் வரைந்த பொம்மை அல்லர். ஒவ்வொருவரும் மூச்சு வாங்கி, வியர்வை சிந்தி, எத்தனையோ நாள் ஒத்திகை பார்த்து, ஒரே தாளத்தில் காலை ஊன்றியவர்கள். காமிரா தூரத்துக்குப் போகும்போது அந்த முற்றம் முழுவதும் ஒரே உடலாக அசைகிறது. அதைக் காணும்போது உள்ளம் வியக்கிறதே தவிர, உள்ளே இருப்பவனின் காதைப் பற்றி நினைக்க நேரம் இல்லை. வியப்பு அடங்கிய பிறகு அறிவு தன் கணக்கைக் கேட்கிறது. கேட்பது அதன் கடமை.

இரண்டாவது, கதையில் ஓட்டை உண்டே தவிர மனிதரில் ஓட்டை இல்லை. சசாங்கன் முரசைத் திறந்து பார்க்காதது ஏன் என்று கேட்டோம். ரஞ்சன் அந்தப் பாத்திரத்தில் நிற்பதைப் பார்த்தால் விடை கிடைத்துவிடுகிறது. அவ்வளவு கர்வம்! தன்னை ஒரு பெண் வெறுக்க முடியும் என்பதையே நம்பாதவன், அவள் தன்னை ஏமாற்றுவாள் என்று எப்படி நம்புவான்? தன் திருமணத்துக்கு இவ்வளவு பெரிய நடனமா என்று பூரித்துப்போன கண்ணுக்கு முரசின் பருமன் எங்கே தெரியப்போகிறது? முரசு எப்படி மூச்சு விட்டது என்பதற்குப் படத்தில் விடை இல்லை. அவன் ஏன் ஏமாந்தான் என்பதற்கு விடை இருக்கிறது. கதை சொல்பவன் இந்த இரண்டாவது விடையைத் தவற விட்டிருந்தால் நாம் ஒருபோதும் மன்னித்திருக்கமாட்டோம்.

டி. ஆர். ராஜகுமாரியின் சந்திரலேகாவும் அப்படியே. படம் முழுவதும் அவளைத் துரத்துகிறார்கள், பிடிக்கிறார்கள், சவுக்கைக் காட்டி ஆடச் சொல்கிறார்கள். ஆட்டுவிக்கப்பட்டவள் கடைசியில் ஆட்டத்தையே ஆயுதமாக எடுக்கிறாள். இந்தப் பொருத்தத்தைக் கண்டவர்களுக்குத் தும்மல் ஒரு பெரிய விஷயமாகத் தோன்றாது.

மூன்றாவது, இந்தச் சூழ்ச்சி மிகப் பழைய சூழ்ச்சி. கிரேக்கர்களின் மரக்குதிரையை எல்லாரும் அறிவார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? கொங்குவேளிரின் ‘பெருங்கதை’யில் யானைப் பித்துப் பிடித்த உதயணனைச் சிறைபிடிக்க, உஞ்சை நகரத்து மன்னன் பிரச்சோதனன் பொறியானை ஒன்றைச் செய்து, வீரர்களை அதனுள் மறைத்துக் காட்டில் விடுகிறான். அந்த யானைக்குள் எத்தனை பேர், எப்படி மூச்சு விட்டார்கள் என்று கேட்டால் அந்தக் கதையும் திகைக்கும். ஆயினும் அது நூற்றாண்டுகளாக வாழ்கிறது. யானைமேல் ஆசை வைத்தவனை யானையாலேயே பிடிப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. முரசோ மன்னனுக்கே உரிய சின்னம். தமிழ் அரசர்கள் அதைத் தெய்வமாகப் போற்றினார்கள். முறைகேடாக அரியணை ஏறியவனை அரச முரசே வயிறு திறந்து வீரர்களை அனுப்பிக் கவிழ்க்கிறது என்றால், கணக்குக்கு ஒவ்வாவிட்டாலும் மனத்துக்கு ஒத்துப்போகிறது.

எல்லாம் சரி. இவ்வளவையும் அன்று மாலை அந்தச் சிறுவனிடம் ஏன் சொல்லவில்லை? நாமும்தான் அங்கே இருந்தோம். நாமும்தான் வாயை மூடிக்கொண்டிருந்தோம்.

காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆயினும் சொல்லத்தான் வேண்டும். ஊரை விட்டு வந்து வாழ்கிற நமக்கு ஊரிலிருந்து வந்த எதுவும் குறையற்றதாக இருக்கவேண்டும் என்று ஒரு பிடிவாதம் ஏற்பட்டுவிடுகிறது. ‘சந்திரலேகா’ விஷயத்தில் அதற்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. 1948 ஏப்ரலில் தமிழில் வந்த படத்தை வாசன் அதே ஆண்டு டிசம்பரில் ஹிந்தியிலும் வெளியிட்டார். சென்னையில் எடுத்த படம் வடநாட்டு நகரங்களில் எல்லாம் பெரும் வெற்றியோடு ஓடியது. ரஞ்சன் பம்பாய்ப் படவுலகிலும் கத்திச் சண்டை வீரராகப் பெயர் பெற்றார். அக்கம்பக்கத்தாரிடம் ‘இது எங்கள் ஊர்ப் படம்’ என்று சொல்லிக்கொள்ளப் புலம்பெயர்ந்த தமிழருக்குக் கிடைத்த பெருமை அது. அந்தப் பெருமையை இன்றும் தூக்கிச் சுமக்கிறோம். ஆகையால் ஒரு பிள்ளை ஓட்டையைச் சுட்டிக் காட்டினால், படத்தைக் குறை சொன்னதாக நாம் கொள்வதில்லை. நம்மையே குறை சொன்னதாகக் கொள்கிறோம். முரசுக்குள் வீரன் உட்கார்ந்த கேள்வி, நாம் இந்த ஊரில் உட்கார்ந்திருக்கும் கேள்வியாகிவிடுகிறது.

படம் கண்ட இரண்டாம் நாள், சங்கத்தின் மூத்த அன்பர் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தோம். எண்பத்தைந்து வயதைக் கடந்தவர். கால் வலியினால் அன்று வரவில்லை. நடந்ததைச் சொன்னோம். அவர் சிரிக்கத் தொடங்கினார். இருமல் வரும்வரை சிரித்தார்.

“அந்தக் கேள்வியை நானும் கேட்டேனே!” என்றார்.

அவருக்குப் பத்து வயது இருக்கும்போது ஊருக்கு அருகில் கொட்டகை போட்டிருந்த டூரிங் டாக்கீஸில் ‘சந்திரலேகா’வைப் பார்த்தாராம். மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து பார்த்த காலம். ஆட்டம் முடிந்து மூன்று மைல் நடந்து ஊர் திரும்பவேண்டும். அந்த மூன்று மைலும் முரசைப் பற்றியே பேச்சு. கூட வந்தவர்களில் ஒருவர் தவில் வாசிப்பவர். “தோலின்மேல் ஆள் ஏறினால் கிழிந்துபோகும், ஆகையால் மேலே இருந்தது மரப்பலகைதான்” என்று அவர் அடித்துச் சொன்னாராம். “பலகையானால் முழக்கம் எப்படி வந்தது?” என்று கேட்டிருக்கிறார் நமது பெரியவரின் மாமா. “கீழே வேறு முரசு அடித்தார்கள்” என்றார் தவில்காரர். “அப்படியானால் உள்ளே இருந்தவன் காது?” என்று சிறுவன் கேட்டதும், வழியில் இருந்த மதகுக் கட்டையில் எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்களாம். பஞ்சு வைத்துக்கொண்டிருப்பான் என்று ஒரு கட்சி; பாதி முரசில்தான் ஆள், மீதி முரசில் வாத்தியம் என்று ஒரு கட்சி. வீடு வந்து சேரும்போது கோழி கூவிவிட்டதாம்.

“மறு வாரம் திரும்பவும் போனோம். பாட்டைக் கேட்கப் போகவில்லை, முரசைப் பார்க்கப் போனோம்” என்றார் பெரியவர்.

இதைக் கேட்டபோது நமக்கு ஓர் உண்மை விளங்கியது. ஊரிலிருந்து படத்தைக் கொண்டுவந்தோம். கைதட்டலைக் கொண்டுவந்தோம். அந்த மூன்று மைல் வாதத்தை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். சுவையில் பாதி அதில் அல்லவா இருந்தது? குறையே காணாமல் பார்ப்பவன் பக்தன். குறையை மட்டும் கண்டு எழுந்து போகிறவன் கணக்குப்பிள்ளை. குறையையும் கண்டு, அதைப் பற்றிச் சண்டையும் போட்டு, மறு வாரம் மீண்டும் டிக்கெட் வாங்குகிறவனே ரசிகன். நமது சிறுவன் அந்த மூன்றாம் வகையைச் சேர்ந்தவன். அவனைத்தான் நாம் அதட்டி உட்கார வைத்தோம்.

பிள்ளைகள் நம்முடைய மொழியையும் நூல்களையும் கலைகளையும் விரும்பவேண்டும் என்று ஆண்டு விழாவில் ஒலிபெருக்கி வைத்து முழங்குகிறோம். ஒன்றை விரும்புவதற்கு அதைத் தொட்டுப் பார்க்கவேண்டும், தட்டிப் பார்க்கவேண்டும், உள்ளே என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கவேண்டும். ‘தொடாதே, பழையது, உடைந்துவிடும்’ என்று கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டிய பொருளை எந்தக் குழந்தையும் தன்னுடையது என்று நினைப்பதில்லை. ‘சந்திரலேகா’ அவ்வளவு எளிதில் உடையக்கூடிய பொருளும் அன்று. நூற்றுக்கணக்கானவர் மேலே ஏறி ஆடியும் கிழியாத முரசு அது. ஒரு சிறுவனின் கேள்வியிலா கிழிந்துவிடும்?

ஆகவே அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இனி மாதப் படம் முடிந்ததும் விளக்கைப் போட்டுவிட்டு அரைமணி நேரம் எல்லாரும் இருக்கவேண்டும். காப்பி சங்கத்தின் செலவு. அந்த அரைமணி நேரத்தில் முதல் பேச்சு பிள்ளைகளுடையது. எந்தக் கேள்வியும் கேட்கலாம். விடை தெரியாத பெரியவர்கள் தெரியாது என்று சொல்லலாம். ‘அந்தக் காலத்தில் அப்படித்தான்’ என்பது மட்டும் விடையாக ஏற்றுக்கொள்ளப்பட மாட்டாது.

இந்தப் பகுதியை எழுதி முடிக்கும் தறுவாயில் அந்தச் சிறுவனின் தந்தை நம்மைக் காண வந்தார். மகனிடம் மன்னிப்புக் கேட்டாரா என்பதை நாம் விசாரிக்கவில்லை. ஆனால் பெரியவரின் வீட்டுக்கு அவனை அழைத்துப் போயிருந்ததாகவும், பாட்டனும் பேரனும்போல் இருவரும் இரண்டு மணி நேரம் முரசைப் பற்றியே பேசியதாகவும் சொன்னார். கையில் ஒரு காகிதம் வைத்திருந்தார். சிறுவன் வரைந்த படம். முரசைக் குறுக்கே வெட்டிக் காட்டியிருக்கிறான். மேலே கனத்த பலகை. அதைத் தாங்க நடுவில் ஒரு தூண். சுற்றிலும் வட்டமாக ஒரு பெஞ்சு. பெஞ்சின்மேல் நான்கு வீரர்கள், காதில் பஞ்சு. முரசின் பக்கத்தில் வரிசையாகச் சில சிறு வட்டங்கள் போட்டு, அம்புக்குறி இட்டு, கோணல் மாணலான தமிழ் எழுத்தில் எழுதியிருந்தான்: ‘மூச்சு விட ஓட்டை’.

அடுத்த மாதம் அவன் வருகிறானாம்.